அழுகையைத் திரும்ப வாங்க வந்தவள்

"அந்தக் குடையை அப்புறம் திருப்பிக் குடுத்துட்டீங்களா?"

தேவப்பிரியம் திரும்பிப் பார்த்தாள். தாழ்வாரத்தின் கோடியில், தூணை ஒட்டி ஒருவன் நின்றிருந்தான். தலை முதல் பாதம் வரை நனைந்திருந்தான். வெளியே ராயபுரத்து மழை கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்ததால் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கண்கள்... அப்பப்பா! எதையோ பல நாள் உற்றுப் பார்த்துச் சிவந்து, களைத்து, அப்போதும் சிரிக்க மறக்காத கண்கள்.

"எந்தக் குடை?"

"கருணாகரன் குடுத்த குடைதான். ஸ்டேஷன்ல மழையில தவிச்சிக்கினு நின்னப்போ குடுத்தான்னு இப்பத்தானே மேடையில சொன்னீங்க..."

அவளுக்கு முகம் குப்பென்று சிவந்தது. கோபத்தில் என்று அவள் நினைத்துக்கொண்டாள். உண்மையில் அது குட்டு வெளிப்பட்டுவிட்ட பயம்.

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம். யார் இறந்தாலும் தமிழ் மன்றச் செயலாளர்தான் இரங்கல் உரை ஆற்ற வேண்டும். அந்த வருஷம் செயலாளர் தேவப்பிரியம். பேச்சுப் போட்டி என்று வந்துவிட்டால் பையன்கள் மேடையேறவே யோசிப்பார்கள். அப்படி ஒரு நாக்கு அவளுக்கு. போன மாதப் புயலில் கருணாகரன் என்ற வரலாற்று மாணவன் கடலோடு போய்விட்டான். எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்துப் பையன். விடுமுறைக்குச் சித்தப்பாவோடு கட்டுமரத்தில் போனவன். சித்தப்பா நீந்திக் கரையேறி, அலை அவனை விழுங்கியதைக் கண்ணால் கண்டதாகச் சொன்னார். நாடக மன்றத்தில் திரை இழுக்கிறவன் அவன். அந்த மன்றத்துக்காரர்கள் வந்து இரங்கல் கூட்டத்துக்குக் கேட்டார்கள். இவளும் சரி என்றுவிட்டாள்.

சரி என்ற பிறகுதான் வம்பு. அவன் முகம்கூட இவளுக்குத் தெரியாது. பெண்கள் ஒரு பக்கம், பையன்கள் ஒரு பக்கம் என்று உட்காருகிற கல்லூரியில் திரைக்குப் பின்னால் நிற்கிறவனை யார் பார்த்தார்கள்? என்னத்தைப் பேசுவது? அதனால் ஒரு குடையை இட்டுக்கட்டினாள். முன்பின் தெரியாத பெண்ணிடம் தன் குடையைக் கொடுத்துவிட்டு, பெயரும் சொல்லாமல், மழையில் இறங்கி நடந்துபோன கருணாகரன்... சொல்லச் சொல்ல மண்டபமே மூக்கைச் சிந்தியது. கடைசியில், எதிர்பாராமல், அவளே "கருணாகரா!" என்று பெயர் சொல்லி விம்மிவிட்டாள். இது அவள் எழுதி வைத்த உரையில் இல்லாதது.

"செத்தவரை வச்சுக் கேலி பேசறது உங்களுக்கே நல்லா இருக்கா? அவரைத் தெரியுமா உங்களுக்கு?"

"கொஞ்சம் தெரியும்... அவங்கிட்ட குடையே கிடையாதுங்க."

அவள் வெடுக்கென்று திரும்பி, மறந்துவிட்ட பையை எடுக்க மண்டபத்துக்குள் போனாள். கூட்டம் கலைந்து காலியாகக் கிடந்தது. மேடையில் படம் மட்டும். நாடக மன்றத்துக் குழுப்படத்திலிருந்து பெரிதாக்கிய மங்கல் முகம். மேடையில் நின்றபோது அதற்கு முதுகைக் காட்டியே பேசியிருந்தாள். இப்போதுதான் நேருக்கு நேர் பார்த்தாள். இடது புருவத்தை இரண்டாக வெட்டிய தழும்பு... தூணோரம் நின்றவனுக்கும் அதே இடத்தில், அதே தழும்பு.

ஓடி வந்து பார்த்தாள். தாழ்வாரத்தில் யாரும் இல்லை. அவன் நின்ற இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஏன் அப்படிச் செய்தாளோ, குனிந்து விரலால் தொட்டு உதட்டில் வைத்தாள். மழைத் தண்ணீர் இல்லை. உப்புக் கரித்தது.

வண்ணாரப்பேட்டையில் மொத்த மளிகை வியாபாரம் செய்யும் தவசிமுத்துவின் மகள் அவள். ஞாயிற்றுக்கிழமை கோயில், மற்ற நாள் கடை. பேய் பிசாசுக்கு அந்த வீட்டில் இடமே கிடையாது. அப்பாவிடம் சொன்னால் சிரிப்பார். தோழி ஆவுடையம்மாளிடம் சொல்லலாம்தான். சொன்னால் குடைக் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே... செயலாளர் மேடையேறிப் புளுகினாள் என்று கல்லூரி முழுக்கத் தெரிந்துபோகுமே. வாயை மூடிக்கொண்டாள்.

படத்தைத் தமிழ் மன்ற அறையிலேயே மாட்டினார்கள். இவள் தனியாக இருக்கும்போது அது தன்னையே பார்ப்பது போல இருந்தது. காலையில் வந்து கதவைத் திறந்தால் மாலை ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும். பல்லியாக இருக்கும் என்றாள் ஆவுடையம்மாள். ஜன்னலைச் சாத்தினாலும் அறைக்குள் கடல் இரைச்சல் கேட்டது. பயந்தாள்... ஆனால் பயந்துகொண்டே நேரத்தோடு வந்து அந்த அறையில்தான் உட்கார்ந்தாள். எதற்கு என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது.

ஒரு பிற்பகல். மேகம் கவிந்து அறை இருண்டுவிட்டது. வாசலில் நிழல் தட்டியது. அவன்தான்! வாசற்படியைத் தாண்டாமல் வெளியிலேயே நின்றான்.

"கத்திடாதீங்க. உசிரோடதான் கீறேன். வேணும்னா தொட்டுப் பாருங்க."

அவள் தொடவில்லை. கை நாற்காலியை விடவில்லை. கழுத்திலிருந்த சிலுவையை மற்ற கை தேடியது.

அவன் நின்ற இடத்திலிருந்தே சொன்னான். வடக்கே போன சரக்குத் தோணி ஒன்று அவனைத் தூக்கிப்போட்டுக்கொண்டு காக்கிநாடாவில் இறக்கியிருக்கிறது. அங்கே நினைவு தப்பிய ஜுரம். தேறி, இன்னொரு தோணியில் திரும்பி, இடுப்பளவுக் கடலில் குதித்துக் கரையேறி, மழைக்கு ஒதுங்கலாம் என்று கல்லூரிக்குள் நுழைந்தால்... ஒலிபெருக்கியில் அவன் பெயர். உள்ளே மாலை போட்ட படம். படத்தின் முன்னால் சித்தப்பா. தனக்குக் காரியமெல்லாம் முடித்துவிட்டார்கள் என்று அப்போதுதான் தெரிந்ததாம். சித்தப்பா வெளியே வரும் சத்தம் கேட்டதும் தாழ்வாரத்துக் கோடியில் தூணோரம் ஒதுங்கினான்; அவள் பை எடுக்க உள்ளே போனதும் நழுவிவிட்டான்.

"ஏன்? ஓடிப்போய்க் கட்டிக்க வேண்டியதுதானே?"

அப்படிச் செய்யக் கூடாதாம். காரியம் முடிந்தவன் திரும்பி வந்தால் அவர்கள் குப்பத்தில் ஒரு முறை உண்டு. வந்தது அவன்தானா, அவன் உருவத்தில் கடல் அனுப்பிய வேறொன்றா என்று யாருக்குத் தெரியும்? அதனால் அவன் பெயர் சொல்லி அழுதவர்கள் எல்லாரும், ஒருவர் பாக்கியில்லாமல், அழுகையைத் திரும்ப வாங்க வேண்டும். கரையில் நின்று, ஒரு கை கடல் தண்ணீரை அவன் காலில் விட்டு, அவனைக் கூப்பிட வேண்டும். கடைசி ஆள் கூப்பிடும்வரை அவன் வீட்டுப் படியேற முடியாது. யாரும் முகம் பார்க்க மாட்டார்கள். பெற்ற தாய்கூடக் காக்கைக்கு வைப்பது போலச் சோற்றை மணலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விடுவாள்.

"எல்லாரும் திரும்ப வாங்கிட்டாங்க. காலேஜ்ல ஒரு பொண்ணு பேர் சொல்லி அழுதுச்சின்னு சித்தப்பா குப்பத்துல சொல்லிட்டாரு... நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

தேவப்பிரியத்துக்கு மனசு துடித்தது. ஆனால் பாழும் கௌரவம் இருக்கிறதே, அது முந்திக்கொண்டது. குப்பம் முழுக்கக் கூடி நிற்கும். நீ யார், அவனை எப்படித் தெரியும் என்று கேட்கும். மேடையில் சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்வதா? இல்லை, அந்தப் பொய்யையே அங்கும் சொல்வதா?

"அது மேடைக்காக அழுதது," என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல். "உங்களை எனக்குத் தெரியவே தெரியாது. அதனால அது கணக்குல வராது. அப்படியே போய்ச் சொல்லிடுங்க."

அவன் வாசற்படியிலிருந்து ஒரு அடி பின்வாங்கினான்.

"சரிங்க. ஆனா நல்லா அழுதீங்க. எனக்கே எம்மேல பாவமா பூட்ச்சி."

சிரித்துக்கொண்டேதான் போனான். அந்தச் சிரிப்பு அவளைச் சோறு தின்ன விடவில்லை. பாடத்தில் மனசு பதியவிடவில்லை. மேடைக்காகவா அழுதாய் என்று தன்னையே கேட்டாள். பதில் தெரிந்திருந்தது. தெரிந்ததனால்தான் இன்னும் பயமாக இருந்தது.

அமாவாசையன்று, கல்லூரி விட்டு எல்லோரும் வெளியேறிக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு மீனவப் பெண் நின்றிருந்தாள். ஒவ்வொரு மாணவியின் முகத்தையும் உற்றுப் பார்த்தாள். அடையாளம் கேட்டு வந்தவள் போல, தேவப்பிரியத்தைக் கண்டதும் வழி மறித்தாள்.

"நீதானே எம்புள்ளைக்கு அயுத பொண்ணு?"

கருணாகரனின் தாய் குப்பம்மா. நெற்றியில் பொட்டில்லை. மகனுக்கு இருந்ததைப் போலவே களைத்த கண்கள். அவற்றில் சிரிப்பு மட்டும் இல்லை. இன்றைக்குப் பொழுது சாய்ந்து அமாவாசை தாண்டிவிட்டால் ஊர் அவனைக் கடலுக்கே விட்டுவிடும் என்றாள். வடக்கே போகிற தோணியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அப்புறம் அவனைப் பெற்றவள் என்று அவள் சொல்லிக்கொள்ளக் கூடாது. பொய்க்காக அழுதேன் என்று அந்தப் பெண் சொன்னதாக அவன் வந்து சொன்னானாம். குப்பத்துப் பெண்கள் அதை நம்பவில்லை. பொய்க்கு அழுகிறவள் பெயர் சொல்லி அழமாட்டாள் என்றுவிட்டார்கள்.

"வந்தது எம்புள்ளையா, இல்ல வேற இன்னாவா... ராவெல்லாம் கதவுக்கு அந்தாண்ட அது மூச்சு உடுறது கேக்குது. தொறக்க முடியல. நீ வந்து கூப்பிட்டாத்தான் எனக்குத் தெரியும்மா."

தேவப்பிரியம் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். எப்படிக் கூப்பிட வேண்டும் என்று மெதுவாகக் கேட்டாள்.

"எந்த மொறையில அயுதியோ அந்த மொறையச் சொல்லித்தான். நான் மவனேன்னு கூப்டேன். அவன் தங்கச்சி அண்ணேன்னு கூப்ட்டுச்சி."

"நானும் அண்ணேன்னே கூப்பிட்டா?"

குப்பம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அண்ணனா நெனச்சித்தான் அயுதியா? பொய் மொறை சொன்னா கடலு சும்மா உடாது. அடுத்த தபா அவன கரையேத்தாது."

இருவரும் எண்ணூர் ரயிலில் ஏறினார்கள். வண்ணாரப்பேட்டையில் வண்டி நின்றபோது இறங்கிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். கடை, அப்பா, மூன்று அண்ணன்மார்... இன்று அவள் வாயிலிருந்து வருவது நாளைக் காலைக்குள் மீன் கூடைகளோடு சந்தைக்கு வந்து கடை வாசலை எட்டிவிடும். நாளை மறுநாள் படிப்பை நிறுத்திவிடுவார்கள்; அவளுக்கு அப்புறம் கல்லூரியே கிடையாது. வண்டி நகர்ந்தது. அவள் இறங்கவில்லை.

கரையில் பொழுது மங்கிக்கொண்டிருந்தது. குப்பத்து ஜனம் முழுக்க நின்றிருந்தது, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அலை கணுக்காலை நனைக்கும் இடத்தில் அவன் தன்னந்தனியாக நின்றிருந்தான். தேவப்பிரியம் மட்டும் அவனை நோக்கி நடந்தாள். அவன் காலடி மணலில் பதிகிறதா என்று பார்த்தாள். பார்ப்பதற்குள் ஒவ்வொரு முறையும் அலை வந்து அழித்துவிட்டுப் போனது.

"வந்துட்டீங்களா..." அவன் குரல் தாழ்ந்திருந்தது. "அண்ணன்னே கூப்பிடுங்க. அம்மா எதுனா சொல்லியிருக்கும், அத நெனச்சி பயப்படாதீங்க, எது வந்தாலும் எனக்குத்தான். உங்க வூட்ல உங்களுக்கு ஒரு பேஜாரும் வேணாம்."

"எனக்கு வீட்டிலயே மூணு அண்ணன் இருக்காங்க. நாலாவது வேண்டாம்."

கையில் கடல் தண்ணீரை அள்ளினாள். எதிரே நிற்பது மனிதனா என்பது அந்தக் கணம்வரை அவளுக்கு நிச்சயமில்லை. இருந்தும் குனிந்தாள்.

"குடை பொய்," என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. மேடையில் ஒருபோதும் தடுமாறாத குரல் தடுமாறியது. "இவரை நான் பாத்ததே இல்ல. என்ன பேசன்னு தெரியாம, இப்படி ஒருத்தர் இருந்திருப்பாருன்னு நானா நெனச்சுச் சொன்னேன். சொல்லிக்கிட்டு இருக்கும்போதே... அந்த ஆளு இனிமே இல்லையேன்னு தோணிட்டு. அதுக்குத்தான் அழுதேன். அழுதது பொய் இல்ல."

தண்ணீரை அவன் பாதத்தில் விட்டாள். விரல் பட்டது. பாதம் சூடாக இருந்தது. நல்ல, உயிருள்ள, மனிதச் சூடு. அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. நிமிர்ந்து அந்தக் கண்களை நேராகப் பார்த்தாள். திருநெல்வேலியிலிருந்து வந்த அவள் வீட்டில், கட்டிக்கொள்ளும் உரிமை உள்ளவனைத்தான் ஒரு பெண் அப்படி அழைப்பாள்.

"அத்தான்... வாங்க, வீட்டுக்குப் போவோம்."

குப்பத்துப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அது என்ன முறை என்று யாரும் கேட்கவில்லை. அவள் சொன்ன விதமே சொல்லிவிட்டது. எல்லாருடைய அழுகையும் திரும்பிப் போன பிறகு, அவனுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

ஒவ்வொருவராகக் கடல் பக்கம் முகத்தைத் திருப்பினார்கள். முதலில் திரும்பியவள் குப்பம்மா. மகன் முகத்தை வெகு நேரம் பார்த்தாள். தழும்புப் புருவத்தைக் கட்டை விரலால் தடவினாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, எதுவுமே நடக்காதது போல அதட்டினாள்.

"இன்னாடா மரமாட்டம் நின்னுகினு கீறே? சோறு ஆறுது... அந்தப் பொண்ணையும் இட்டுகினு வா வூட்டுக்கு."