வரிசையில் ஒரு நீல டிரம்

நீல டிரம்மில் மட்டும் பெயர் இல்லை. பரேலில் ஒற்றை அறை வீடுகள் நெருங்கிய அந்தச் சால் குடியிருப்பில் நாலு மணித் தண்ணீருக்கு மத்தியானமே பாத்திரங்களை வரிசையில் வைத்துவிடுவார்கள். பாத்திரம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. ஒவ்வொன்றிலும் வீட்டுக்காரி பெயர் பெயிண்டில் இருக்கும். இது மொட்டையாக நான்காவதாய் நின்றது. ஆளாளுக்கு அடுத்தவளுடையது என்று விட்டிருப்பார்கள்.

சுலபா அதைப் பற்றிக் கேட்க வரவில்லை, திருட வந்திருந்தாள். பாத்திரத்தை அல்ல, இடத்தை. வீட்டில் மகளுக்குக் காய்ச்சல், வாந்தி. சொட்டுத் தண்ணீர் கிடையாது. பதினெட்டாவதாக நின்றால் முறை வருவதற்குள் குழாய் நின்றுவிடும். எல்லோரும் கதவைச் சாத்திக் கண்ணயர்ந்த இரண்டு மணிக்கு, மூன்றாவதாக இருந்த ஷெவந்தாவின் அண்டாவை டிரம்முக்குப் பின்னால் தள்ளிவிட்டு, அங்கே தன் குடத்தை வைத்தாள். நேற்றுத்தான் பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்தனுப்பியவள் ஷெவந்தா. சீ, என்ன பிழைப்பு இது என்று உடம்பெல்லாம் கூசியது.

இடம் போதாமல் டிரம்மைப் பிடித்து நகர்த்தினாள். வெயிலே எட்டாத அந்த மூலையில் அது மகளின் வயிறு மாதிரிக் கொதித்தது. ஈரத் தலைமுடி வாடை அடித்தது. மூடி மெல்ல உயர்ந்து, மெல்லத் தாழ்ந்தது. சுலபா ஓடிவிட்டாள்.

நாலு மணிக்குத் தண்ணீர் வந்தது. முதல் இரண்டு குடத்துக்காரிகளும் குழாயடியில் சண்டை பிடிக்க, மற்றவர்கள் அதைச் சுற்றி வேடிக்கை பார்த்தார்கள்.

"எவடி என் அண்டாவப் பின்னால தள்ளினது? கை விளங்குமா அவளுக்கு?" ஷெவந்தா சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். "இந்த டிரம் யாரோடது சுலபா?"

"தெரியாது அண்ணி."

"உள்ள என்னமோ நெளியுதுடி."

குனிந்தாள்.

தொடாதீங்க என்ற வார்த்தை சுலபாவின் தொண்டைவரை வந்தது. உனக்கு எப்படித் தெரியும்? நீ எப்போ தொட்டே? இத்தனை பேர் முன்னால் கேட்பாளே. முகத்தைக் குழாய்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மூடிச் சத்தம். ஒரு வளையல் உடைந்தது. அப்புறம் ஒன்றுமில்லை.

திரும்பினாள். அண்டா இருந்தது. டிரம் இருந்தது. ஷெவந்தா இல்லை.

"சுலபா, உன் முறைடி!" சண்டை ஓய்ந்து, இரண்டாவது குடத்துக்காரி மந்தா கத்தினாள். "வரும்போது அந்த டிரம்மையும் காலால முன்னால தள்ளிட்டு வா!"

தள்ளினாள். இப்போது கனத்தது. உள்ளேயிருந்து யாரோ விரல் முட்டியால் தட்டினார்கள். ஒருமுறை. இன்னொருமுறை. சுலபா, சுலபா என்று மூச்சுக்குரல்.

மற்றவர்களுக்குக் கேட்டுவிடாமல் இருக்க, சுலபா குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள்.