சுயமாகச் சிந்தித்த நூறு கேள்விகள்

திங்கட்கிழமை என்பதால், கோதண்டம் வீட்டில் பல் துலக்கியதும் எல்லாரும் பாடம் ஏற்றிக்கொண்டார்கள். பிடரியில் பதித்திருந்த அறிவுச்சில்லு இரண்டு முறை பச்சையாக மின்னியது. அந்த வாரத்துக்குரிய வேதியியலும் சுவாஹிலி இலக்கணமும் உள்ளே போய்விட்டன. அடுப்பில் இட்லிகூட இன்னும் வேகவில்லை.

பூமியிலும் சந்திரனிலும், இவர்கள் குடியிருந்த செவ்வாயிலும் எல்லாருக்கும் ஒரே பாடம். கும்மிடிப்பூண்டிக் குழந்தைக்குத் தெரிந்தது கென்யாக் குழந்தைக்கும் தெரியும். நல்லதுதானே என்கிறீர்களா? எல்லாருக்கும் எல்லாம் தெரிந்தபின் தெரிந்தவனை எவன் மதிப்பான்? குவாண்டம் இயற்பியலைக் கரைத்துக் குடித்த கோதண்டம் பதினெட்டு வருடமாகக் கழிவுநீர்க் குழாயில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

மேலே போக ஒரே வழி, வினாப்பள்ளி. வருடத்துக்கு ஒரு பிள்ளைக்குத்தான் இடம். தேர்வில் பிள்ளையை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பிள்ளைதான் கேட்க வேண்டும். உலக அறிவு மொத்தத்தையும் அடக்கிய 'பேரறிவன்' என்ற எந்திரம் அதற்குப் பதில் சொல்லிவிட்டால் பிள்ளை வெளியே. அது திணறினால் உள்ளே.

"தலைகீழா நின்னாவது நம்ம மின்னொளியை அதுல சேத்துடுவேன். அவளும் என்னை மாதிரி குழாய்க்குள்ள தலையை விட வேணாம்" என்று மனைவி வாசுகியிடம் சூளுரைத்தார் கோதண்டம்.

சொன்னபடியே ஆறு வயது மகளைப் பயிற்சி மையத்தில் சேர்த்தார். அங்கே 'சுயமாகச் சிந்தித்த நூறு கேள்விகள்' என்ற புத்தகத்தைக் கொடுத்தார்கள். சில்லில் ஏற்றினால் பேரறிவனுக்குத் தெரிந்துவிடுமாம். அதனால் பழைய முறைப்படி உரக்கக் கத்தி நெட்டுருப் போட வேண்டும்.

"அப்பா, நான் தூங்குறப்போ என் சில்லும் தூங்குமா?" என்றாள் மின்னொளி, பாதிப் படிப்பில்.

"சும்மா தொணதொணன்னு கேள்வி கேக்காத! போய்க் கேள்வியை மனப்பாடம் பண்ணு!"

"அவ கேக்குறதும் கேள்விதானேங்க?" என்றாள் வாசுகி.

"உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ சும்மா இரு." எல்லாருக்கும் எல்லாம் தெரிந்த காலத்திலும் புருஷன்மார் இதை மட்டும் விடவில்லை, பாருங்கள்!

இரண்டு மாதத்தில் மின்னொளி வீட்டில் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டாள். பயிற்சி பலிக்கிறது என்று கோதண்டத்துக்கு ஒரே சந்தோஷம்.

தேர்வு நாளன்று அவரைப் பின்வரிசையில் உட்காரவைத்தார்கள். மின்னொளி எந்திரத்தின் முன்னால் நின்று முப்பத்தேழாவது கேள்வியைப் பிசகாமல் ஒப்பித்தாள். "காலம் பிறக்கும் முன் காத்திருந்தது எது?"

"இதை இன்று காலையிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்" என்றது பேரறிவன். "பதில் வேண்டுமா?"

கோதண்டம் இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"இன்னொரு வாய்ப்பு இருக்கு கண்ணு. வேற கேளு" என்றார் தேர்வாளர் அம்மாள்.

பயத்தில் மின்னொளிக்கு மீதித் தொண்ணூற்றொன்பதும் மறந்துபோயின. உதடு துடிக்க அவள் பின்னால் திரும்பினாள்.

"நானா ஒண்ணு கேக்கலாமாப்பா?"

அதையே தன்னிடம் கேட்ட கேள்வியாக எடுத்துக்கொண்டு பேரறிவன் அத்தனை நூலகங்களையும் துழாவியது. ஒரு நிமிடம் ஆகியும் பதில் அகப்படவில்லை. அதற்குப் பதில் வைத்திருந்த ஒரே ஆள் கோதண்டம். பெற்ற பிள்ளையை இப்படிப் பயமுறுத்தி வைத்திருக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. கேள் என்று தலையசைத்தார்.

அதற்குள் "தேர்வானாள்!" என்று அறிவித்துவிட்டார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். அவள் என்ன கேட்க நினைத்தாள் என்று யாருமே விசாரிக்கவில்லை.

அடுத்த வருடம் புத்தகத்தின் புதிய பதிப்பு வந்தது. நூறு கேள்விகள் நூற்றொன்றாகியிருந்தன. கோதண்டம் குழாய் வேலையை விட்டுவிட்டு அதே மையத்தில் தலைமைப் பயிற்சியாளராகிவிட்டார். நாற்பது பிள்ளைகள் வரிசையாக நின்று, ஒரே நேரத்தில் பின்னால் திரும்பி, "நானா ஒண்ணு கேக்கலாமாப்பா?" என்றார்கள்.

"மூணாவது வரிசை! அவ்வளவு தைரியமாவா கேக்குறது?" என்று அதட்டினார் கோதண்டம். "இன்னும் கொஞ்சம் பயந்து கேளு!"