அல்போன்ஸ் லோரி ஏன் நின்றது?

திலகத்துக்கு வயது பதினொன்று. அவளுடைய சந்தேகத்துக்கு மட்டும் நூற்றுப்பத்து வயது இருக்கும். பூனை பால் குடிக்காமல் போனால், வேறு எந்த வீட்டில் குடித்துவிட்டு வந்தது என்று அதன் மீசையை முகர்ந்து பார்ப்பாள். பள்ளிக்கூட மணி இரண்டு நிமிடம் பிந்தி அடித்தால், அதன் நாக்கை யார் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்று விசாரிப்பாள்.

அவள் இருந்த இடமும் அதற்கு ஏற்ற இடம்தான். மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டம், அதில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் மூன்றாம் டிவிஷன் லயம். டிசம்பரில் அங்கே இறங்கும் பனிமூட்டத்தைக் கத்தியால் வெட்டி வாளியில் போட்டு வைக்கலாம். கையை நீட்டினால், முழங்கைக்கு அப்பால் இருப்பது உங்கள் கைதானா என்று உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும்.

எழுபத்தாறாம் வருஷம், பள்ளி விடுமுறையில், எல்லாம் ரொட்டியில்தான் ஆரம்பித்தது.

தானா ராத்தாவில் மளிகைக் கடை வைத்திருந்த அமிர்தலிங்கம் முதலாளிக்கு மூன்று லோரிகள். ரொட்டி, அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் அவற்றில்தான் தோட்டத்துக் கடைகளுக்குப் போகும். ஆனால் மூன்று டிரைவர்களும் மூன்று விதம். ஒருவர் ஆகத் தூரத்துக் கடைக்கு முதலில் போய்விட்டு, திரும்பும் வழியில் மற்றக் கடைகளில் சாமான் இறக்குவார். இன்னொருவர் எந்தக் கடையில் தேத்தண்ணி நன்றாக இருக்குமோ அங்கே முதலில் போவார். மூன்றாவது டிரைவர் அல்போன்ஸ் எந்தக் கணக்கில் போகிறார் என்று யாருக்கும் தெரியாது. அவர்தான் பேசவே மாட்டாரே! வருஷத்துக்குப் பத்து வார்த்தை. லீப் வருஷமானால் பதினொன்று.

ஆளுக்கொரு வழி இனி கிடையாது, மூன்று லோரிக்கும் ஒரே முறைதான் என்று முடிவு செய்த முதலாளி, ஈப்போவிலிருந்து கணக்கு எழுதும் சிவசாமி கிராணியைக் கொண்டு வந்தார். கிராணி கடைச் சுவரில் கதவளவு வரைபடம் ஒன்றை மாட்டினார். கடைக்கு ஒரு குண்டூசி குத்தினார். ஊசிக்கு ஊசி சிவப்பு நூல் கட்டி, எந்த வழிக்கு நூல் குறைவாகப் பிடிக்கிறதோ அதுதான் லோரி போகும் வழி என்றார். ஒவ்வொரு கடைக்கும் போய்ச் சேரும் நேரத்தையும் எழுதிக் கொடுத்தார். மூன்றாம் டிவிஷனுக்கு ரொட்டி சேர வேண்டிய நேரம் காலை ஒன்பதேகால்.

அல்போன்ஸ் திங்கட்கிழமை பத்து மணிக்கு வந்தார். செவ்வாய்க்கிழமை பத்தே முக்காலுக்கு. புதன்கிழமை ஒன்பதரைக்கே வந்துவிட்டார்.

தினமும் தாமதம் என்றால் சோம்பேறித்தனம். தினமும் வேறு வேறு தாமதம் என்றால்? கிராணிக்கு மூக்கு வியர்த்தது.

அன்றைக்கே அவர் மோட்டார் சைக்கிளில் ஏறி மூன்றாம் டிவிஷனுக்கு வந்தார். செல்லம்மா கடை வாசலில் விளையாடிய பிள்ளைகளைக் கூப்பிட்டார். அல்போன்ஸ் லோரி வழியில் எங்காவது நிற்கிறதா என்று பார்த்துச் சொன்னால் மிட்டாய் தருவதாகச் சொன்னார். மற்றப் பிள்ளைகளின் கண் மிட்டாய்மேல் போயிற்று. திலகம் மட்டும், 'இவர் ஏன் மிட்டாய் தருகிறார்?' என்று கிராணியையே கொஞ்ச நேரம் சந்தேகப்பட்டுவிட்டு, பிறகு வேலையை ஒப்புக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்கெல்லாம், தண்ணீர்த் தொட்டி வளைவுக்கு மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் அவள் பதுங்கிவிட்டாள்.

அந்த வளைவு வரைக்கும்தான் தோட்டத்து ரோடு அகலம். அதற்கு மேல் இரண்டு மைலுக்கு ஒரே ஒரு லோரி போகும் அகலம்தான். ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் பள்ளம். அதில் ஒரு கல்லைப் போட்டால், அது விழுந்த சத்தம் அடுத்த தீபாவளிக்குத்தான் கேட்கும்.

அல்போன்ஸ் லோரி வந்தது. வளைவில் நின்றது. எஞ்சின் சத்தமும் நின்றது. அல்போன்ஸ் இறங்கினார், இரண்டு பக்கமும் பார்த்தார், காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு கொக்கு மாதிரி அசையாமல் நின்றார். பனிக்குள் இன்னொரு லோரியின் உறுமல் கேட்டது, நெருங்கியது, பிறகு தேய்ந்து போயிற்று. அதற்குப் பிறகுதான் அல்போன்ஸ் லோரி கிளம்பியது.

அன்று மாலை கிராணி வந்ததும் அவள் மெல்லச் சொன்னாள். "கூட்டாளி இருக்கான், கிராணி. இன்னொரு லோரி சத்தம் கேட்டுச்சு. சாமான் கை மாறுது."

"கண்ணால பாத்தியா?"

"பனியில என்னத்தப் பாக்குறது? காதால பாத்தேன்."

நான்கு மிட்டாய் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை கூட்டாளியின் முகத்தையே பார்த்துவிடுவது என்று அவள் ரோட்டோரம் வரை தவழ்ந்து போனாள். அல்போன்ஸ் வந்தார், நின்றார், கேட்டார். பனியைக் கிழித்துக்கொண்டு அந்த இன்னொரு லோரி மேலேயிருந்து இறங்கியது. திலகம் கண்ணைக் கசக்கினாள். அது தோட்டத்துக் கொழுந்து லோரி. அவள் அம்மா வேலம்மா பறித்த கொழுந்தும் அதில்தான் மூட்டையாகப் போய்க்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து தினமும் கேட்ட சத்தம்!

கொழுந்து மூட்டை காத்திருக்காது. உள்ளே சூடேறினால் தேயிலை கெட்டுப் போகும். அதனால் அந்த ரோட்டில் கொழுந்து லோரி யாருக்கும் வழிவிடாது. எதிரே தோட்டத்து மேனேஜர் துரையின் கார் வந்தால்கூட, துரைதான் பின்னால் போக வேண்டும். இது லயத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். அல்போன்ஸ் கூட்டாளிக்காகக் காத்திருக்கவில்லை. கொழுந்து இறங்கட்டும் என்று நின்றிருக்கிறார். பனியில் கண் உதவாது என்று காதை வைத்திருக்கிறார்.

அன்று மாலை செல்லம்மா கடையில் இன்னொரு சேதி வந்தது. நாளைக்கு முதலாளியே வளைவுக்கு வரப்போகிறாராம். அல்போன்ஸிடம் லோரிச் சாவியை வாங்கிக்கொண்டு, இருபது வருஷ டிரைவரை வீட்டுக்கு அனுப்பப் போகிறாராம்.

ராத்திரி திலகம் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். நாளைக்கு எந்த மலையில் கொழுந்து என்று அம்மாவைக் கேட்டாள்.

"ஏழாம் நம்பர் மலை. ஒம்போது மணிக்கே நிறுவை, நிறுத்ததும் லோரி இறங்கிடும்னு கங்காணி சொன்னாரு." வேலம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "லீவுல மலை நம்பர் கேக்குற புள்ளைய நான் பாத்ததே இல்லையே. என்ன செஞ்சு வச்ச?"

திலகம் ஒன்று விடாமல் சொன்னாள்.

சனிக்கிழமை காலை அல்போன்ஸ் காதில் கையை வைத்த அதே நொடியில், முதலாளியின் கார் வளைவில் வந்து நின்றது. கிராணி கதவைத் திறந்து குதித்தார்.

"மாட்டிக்கிட்டியா! எங்கய்யா உன் கூட்டாளி?"

"கொழுந்து வரும் லா, முதலாளி," என்றார் அல்போன்ஸ்.

"என் வரைபடத்துல கொழுந்தே கிடையாது," என்றார் கிராணி.

முதலாளி கையை நீட்டினார். அல்போன்ஸ் சாவியை எடுத்து அதன்மேல் வைத்தார். அதைத் திலகம் பார்த்துவிட்டாள். செடிகளைத் தள்ளிக்கொண்டு ரோட்டில் குதித்தாள்.

"முதலாளி, நான் சொன்னது தப்பு. அந்தச் சத்தம் கொழுந்து லோரி. இன்னைக்கு ஏழாம் நம்பர் மலையில ஒம்போது மணிக்கு நிறுவை. ஒம்போதரைக்குள்ள வண்டி இறங்கிடும். அது வரைக்கும் யாரும் மேல போகாதீங்க."

கிராணி கண்களைச் சுருக்கினார். "முந்தாநாள் ஒரு கதை, இன்னைக்கு ஒரு கதை. அல்போன்ஸ் உனக்கு எத்தனை மிட்டாய் குடுத்தான்?"

அதோடு விடவில்லை. நூல் பொய் சொல்லாது என்று சாவியை வாங்கிக்கொண்டு, தானே லோரியில் ஏறினார். அப்போது ஒன்பது மணி இருபது நிமிடம். லோரி பனிக்குள் நுழைந்து காணாமல் போயிற்று.

முதலாளி அல்போன்ஸைப் பார்த்தார். அல்போன்ஸ் பனியைப் பார்த்தார். திலகம் தன் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டாள்.

மேலே ஒரு ஹார்ன் கேட்டது. அதற்குப் பதிலாக யானை பிளிறியது போல் இன்னொரு ஹார்ன். பிறகு வெகுநேரம் உறுமலும் கிறீச்சும். கடைசியில் பனிக்குள்ளிருந்து முதலில் வந்தது லோரியின் பின்பக்கம். அங்குலம் அங்குலமாக, நண்டு மாதிரி கோணிக்கொண்டு அது இறங்கியது. அதன் மூக்கோடு மூக்கை ஒட்டிக்கொண்டு கொழுந்து லோரி வந்தது. அகலமான இடம் கிடைத்ததும் கொழுந்து லோரி ஒரு ஹார்ன் அடித்துவிட்டுத் தன் வழியே போய்விட்டது.

கிராணி இறங்கினார். முகம் அரிசிமாவாக இருந்தது. பின்னால் பார்த்துப் பார்த்து ஓட்டியதில் கழுத்து அப்படியே திரும்பி நின்றுவிட்டது. மூன்று நாள் அவர் முன்னால் நடக்க, முகம் பின்னால் வந்ததாக லயத்தில் இன்றும் சொல்கிறார்கள்.

முதலாளி தாமே போய்க் கிராணியிடமிருந்து சாவியைப் பிடுங்கி அல்போன்ஸ் கையில் கொடுத்தார். "வண்டி உன்னுதுதான், அல்போன்ஸ். என் மேலதான் தப்பு," என்றார்.

கிராணி திலகத்துக்கு முதுகைக் காட்டியபடியே, அவளை நேராகப் பார்த்துக் கேட்டார். "திங்கட்கிழமை எந்த மலை, பாப்பா?"

"கங்காணி நாளைக்குச் சாயங்காலம்தான் சொல்வாரு. தெரிஞ்சதும் சீட்டு எழுதிச் செல்லம்மா அக்காகிட்ட குடுக்குறேன், வந்து வாங்கிக்குங்க."

அடுத்த வாரம் முதல் வரைபடத்தில் சிவப்பு நூலோடு ஒரு பச்சைக் குண்டூசியும் இருந்தது. தினமும் கொழுந்து பறிக்கும் மலையைப் பார்த்து அது இடம் மாறும். அதைப் பார்த்த பிறகுதான் மூன்று லோரியும் கிளம்பும்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை வளைவில் இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. முதலாளியின் கார் போனதும் திலகம் லோரிக் கதவருகில் போய் நின்றாள்.

"மாமா, கிராணிகிட்ட கோள் சொன்னது நான்தான்."

"தெரியும்," என்றார் அல்போன்ஸ். "மூணு நாளா ஒரு தேயிலைச் செடிக்கு ரெண்டு சடை இருந்துச்சு."

"அப்புறம் ஏன் மாமா ஒண்ணும் கேக்கல?"

"ரொட்டி திருட வந்த புள்ளையோன்னு எனக்கு ஒரு சந்தேகம். தினம் எண்ணிப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

திலகத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "குறைஞ்சுச்சா?"

அல்போன்ஸ் எஞ்சினைக் கிளப்பினார். அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னும் எண்ணி முடிக்கல லா."