எழுந்துகொண்டே இருந்தவன்

லூர்து பிரகாஷின் நினைவுப் பூசை முடிந்த மறுநாள், கண்டரமாணிக்கத்து வாடகை வீட்டின் பூட்டைத் திறந்தாள் ஜெரினா. 1994 கோடை. உச்சிவெயிலிலும் உள்ளே இருட்டு. புதுவயல் சாலையில் லாரிக்கடியில் சிக்கி இறந்த கணவனின் மேசை அப்படியே கிடந்தது. கறுப்பு மை மணத்தது, யாரோ சற்று முன்தான் புட்டியைத் திறந்ததுபோல.

சிங்கப்பூரிலிருந்து வந்த டி.வி. கேமில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே விளையாட்டுதான் பிடிக்கும். மனைவியைத் தேடிக் கோட்டைக்குள் போகும் வீரன் பள்ளத்தில் விழுந்து சாவான். உடனே வாசலில் மறுபடி நிற்பான். "செத்துச் செத்து எந்திரிக்கிறானே, அவனுக்கு வலிக்காதா?" என்று ஒருநாள் கேட்டாள் ஜெரினா. அதிலிருந்து பிறந்ததுதான் அந்தப் படக்கதை. சிறுவர்களுக்கானதல்ல. அவன் வரைந்தான், அவள் வசனம் எழுதினாள். கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி.

அதை இப்போது அவளே வரைந்தாள். பள்ளத்தில் வீரன் இறந்து கிடந்தான்.

மறுநாள் பள்ளம் காலியாக இருந்தது. வீரன் கட்டத்தின் ஓரத்தில் நின்றான்.

மை ஈரமாக இருந்தது.

காரைக்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த நாகநாதன், பிரகாஷின் நண்பர். தாளோடு அவரிடம் ஓடினாள். "அண்ணே, நீங்க வந்து திருத்துனீகளா?"

"சாவி ஒங்கிட்டதானம்மா இருக்கு." தாளை வெகுநேரம் பார்த்தார். குரல் இறங்கியது. "இது பிரகாஷ் போட்ட கோடு."

பயத்துக்கு முன்னால் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. தினமும் போனாள். தினமும் வீரனைக் கொன்றாள், அவன் எழவேண்டும் என்பதற்காகவே.

எழுந்தான். ஒவ்வொரு முறையும் இன்னும் சிதைந்து எழுந்தான். கன்னம் ஒட்டியது. முழங்கால் மடங்கியது. ஒருநாள் இடது கை நசுங்கித் தொங்கியது, சவப்பெட்டிக்குள் அவள் பார்த்த அதே கை.

அடுத்த அறையில் ஏதோ எழ முயன்று, சரிந்தது. மறுபடி முயன்றது. மூச்சிரைத்தது.

"வலிக்குதாங்க?" என்றாள், வாய்க்குள்ளேயே.

சத்தம் நின்றது.

"போதும் ஜெரி." பிரகாஷின் குரல்.

அந்த இருட்டில் அவளுக்குக் கண் தெரியவில்லை. தடவித் தடவித்தான் வரைந்தாள். மனைவி வீரனைக் கண்டுபிடித்துவிட்டாள். அவன் தலையை மடியில் வைத்துக் கண்களை மூடிவிடுகிறாள். பின்னால் வெறும் சுவர். "தூங்குங்க. இனி நான் கூப்பிடல."

மறுநாள் படம் மாறவில்லை. அடக்கத்தன்று வராத அழுகை அன்று வந்தது.

அந்தப் பக்கத்தை நகலெடுக்க நாகநாதனிடம் கொடுத்தாள். இயந்திரம் தள்ளிய தாள்களை அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

"இந்தச் சுவருக்கிட்ட நீ யாரையும் வரையலைல?"

மூலப் படத்தில் சுவரருகே யாருமில்லை. நகலில், அந்தப் பெண்ணுக்குப் பின்னால், தூரத்தில் ஒருவன் நின்றான், இடது கை நசுங்கித் தொங்க. அடுத்த தாளில் கொஞ்சம் கிட்டே. அதற்கடுத்ததில் இன்னும் கிட்டே.

கடைசித் தாளில் அவனைக் காணவில்லை.

நாகநாதன் நிமிர்ந்தார். அவர் பார்வை ஜெரினாவின் தோளுக்கு மேலே போய் நின்றது.

"பின்னால பாக்காத, தங்கச்சி."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவள் திரும்பினாள்.