டாக்டரின் பச்சை ப்யூக்

டெலிபோன் அலறியது.

"ஜெயா, கார் பார்க்க ஒருத்தர் வந்திருக்கார். கொஞ்சம் வாப்பா," என்றார் சேனாபதி அங்கிள்.

1997. அமெரிக்காவில் ரவுண்ட் ராக். சனிக்கிழமை காலை. ஜெயபிரகாஷ் அடுத்த வீட்டுக்கு நடந்தான்.

ரிட்டயர்டு டாக்டர் சேனாபதியின் 1967 மாடல் ப்யூக் கார் வாசல் டிரைவ்வேயில் நின்றது. இரண்டே கதவு. படகு மாதிரி நீளம். முப்பது வருஷமாகியும் பச்சை பெயின்ட்டில் ஒரு கீறல் கிடையாது. கண்ணில் புரை விழுந்ததால் விற்கிறார்.

பானெட் அருகே குனிந்திருந்தவன் நிமிர்ந்தான். கையில் ஊன்றுகோல்.

ஜெயபிரகாஷ் பாதி வழியில் நின்றுவிட்டான்.

அவன்தான்...

போன நவம்பரில் அங்கிள் கோயமுத்தூர் போனபோது, வாரம் ஒரு தடவை இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொல்லிச் சாவி கொடுத்திருந்தார். ஜெயபிரகாஷ் ஆசைப்பட்டு ரோட்டுக்கே எடுத்துப் போய்விட்டான்.

மழை. திருப்பத்தில் ஒரு சைக்கிள்.

விழுந்தவன் கண் மூடிக் கிடந்தான். இறங்கிப் பார்த்த ஜெயபிரகாஷுக்கு, இன்னும் கைக்கு வராத க்ரீன் கார்டு ஞாபகம் வந்தது. ஓடிவிட்டான். டெலிபோன் பூத்திலிருந்து பேர் சொல்லாமல் ஆம்புலன்ஸுக்காக 911-க்கு போன் பண்ணினான். உடைந்த ஹெட்லைட்டை மாற்றினான். அன்று முதல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து ஷேவ் பண்ணக்கூடக் கூசியது.

"வலது லைட் மட்டும் புதுசா இருக்கே?" வந்தவன் ஆங்கிலத்தில் கேட்டான். "நவம்பர்ல என் காலை உடைச்சது இந்தக் கார்தான். ஓட்டினது யாரு?"

"நான்தான்," என்றார் சேனாபதி.

ஜெயபிரகாஷ் திடுக்கிட்டு அவரைப் பார்த்தான்.

அவர் தமிழில் முணுமுணுத்தார். "ஊர்லேர்ந்து வந்த அன்னிக்கே லைட்டைப் பார்த்துட்டேன். நீயா வந்து சொல்லுவேன்னு இருந்தேன்... பரவாயில்லை. உனக்குக் குடும்பம் இருக்கு. எனக்கு யாரு?"

எழுபத்திரண்டு வயசு.

நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ஜெயபிரகாஷுக்கு. தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"அவர் இல்லை. நான்."

வந்தவன் நிதானமாகத் தலையாட்டினான்.

"அன்னிக்கு நான் கண்ணைத்தான் மூடியிருந்தேன்... காதை இல்லை. பக்கத்துல நின்னு ஒருத்தன் மூணு தடவை சாரி சொன்னான். அது டாக்டர் குரல் இல்லை. உன் குரல்."

தெருமுனையில் போலீஸ் கார் திரும்பியது. தகவல் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறான்.

ஜெயபிரகாஷ் தானாகவே அதை நோக்கி நடந்தான்.

ஊன்றுகோல்காரன் சேனாபதியிடம் திரும்பினான்.

"பேப்பர் விளம்பரத்துல 'ஒரே ஆள் ஓட்டின கார்'னு போட்டிருக்கீங்க. அதை முதல்ல மாத்துங்க, டாக்டர்!"