அந்தக் கரை கேட்

புகை போட்ட விலாங்கு மீன் என்றால் டவ்வேக்கு உயிர் என்று வெட்டர்ஹூசம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். டவ்வே நான்தான். மீன்பித்தன் என்கிற அந்தப் பெயர்தான் என்னைப் பிடித்த சனியன்.

அது அக்டோபர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணிக்குக் கருவிப் பெட்டியோடு வெட்டர்ஹூசம் தூக்குப்பாலத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மூடுபனி. வண்டியை ஊர்ப் பக்கமே நிறுத்திவிட்டுப் பாலத்தின் மேல் நடந்தேன். கால்வாய் கண்ணுக்குத் தெரியவில்லை, மூக்குக்குத் தெரிந்தது. அழுகின பாசியும் சேறுமாக ஒரு நாற்றம்.

பாலம் தூக்கும்போது சாலையை அடைக்கிற கேட்டுகளைப் பார்த்துக்கொள்வதுதான் அப்போது என் வேலை. பல்சக்கரத்துக்கு எண்ணெய் விடுவேன், எடைக்கல்லைச் சரிபார்ப்பேன். வருஷத்துக்கு இரண்டு தடவை ஒவ்வொரு பாலத்தின் புத்தகத்திலும் 'எல்லாம் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

அன்று போன காரணம் வேறு. ஆறு நாளைக்கு முன், இதே மாதிரி ஒரு பனிக்காலையில், நர்ஸ் மாய்கே அந்தப் பாலத்தில் சைக்கிளோடு கால்வாய்க்குள் விழுந்துவிட்டார். சைக்கிள் கிடைத்தது. அவர் கிடைக்கவில்லை. கேட் போட்டிருந்ததா, ஒழுங்காக வேலை செய்ததா என்று பார்த்து எழுதச் சொல்லி என்னை அனுப்பியிருந்தார்கள்.

ஊர் அதற்குள் தீர்ப்பு சொல்லிவிட்டது. ஜனங்கள் ஓடி வந்து பார்த்தபோது இரண்டு கேட்டும் போட்டிருந்தது. மாய்கே எப்போதும் அவசரக்காரி. கேட்டுக்கு அடியில் குனிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போயிருப்பார், பனியில் பாலம் தூக்கியிருந்தது தெரிந்திருக்காது. கோயிலில் பாதிரியார்கூட, பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஒரு பாடம் என்று பேசினாராம். இருபத்தைந்து வருஷம் ஊரில் அத்தனை பேருக்கும் ஊசி போட்ட பெண்மணி. ஒருமுறை என் உள்ளங்கையில் ஆணி ஏறியபோது எனக்கும் போட்டார். யாருக்குப் போட்டாலும் ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே வார்த்தைதான் சொல்வார்: "கொஞ்சம்தான் வலிக்கும்."

பாலத்தைத் தூக்கி இறக்கும் பாலக்காரர் வீபே வீட்டு வாசலிலேயே நின்றார். அறுபது வயது, முட்டை மாதிரி மொட்டைத் தலை. மனைவி போன பிறகு பாலத்தை ஒட்டிய வீட்டில் தனியாக இருந்தார்.

"வா தம்பி, குளிர்ல என்ன நின்னுட்டு. முதல்ல ஒரு வாய் காபி. மீன் நேத்துதான் புகை போட்டேன்."

கறுப்பு ரொட்டி, வெண்ணெய், தட்டில் பளபளக்கிற விலாங்குத் துண்டுகள். பாலத்துக்கு அடியிலேயே பொறி போட்டுப் பிடிப்பார். இத்தனை கொழுப்பாக நான் சாப்பிட்டதே இல்லை. எண்ணெய் விரல் வழியாக மணிக்கட்டுக்கு வழிந்தது. மூன்று துண்டு தின்றேன். நாலாவதில் பல்லிடுக்கில் ஏதோ சிக்கியது.

இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. தொண்டைக்குள்ளிருந்து உருவுகிற மாதிரி வந்தது.

முழங்கை நீளத்துக்கு ஒரு நரைமுடி.

சீ, மனுஷன் அடுப்படி வைத்திருக்கும் லட்சணம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் அவர் தலையைப் பார்த்தேன். அந்த வீட்டில் வேறு தலையே இல்லை.

வீபேயும் முடியைப் பார்த்தார். தட்டை எடுத்து உள்ளே வைத்தார். கேட்டைப் பார்க்கிறேன் என்று எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அந்தப் பாலத்தில் இரண்டு கேட். ஒன்று வீபேயின் காவல் அறை வாசலில். இன்னொன்று ஊர்ப் பக்கம், வீபே எப்போதும் 'அந்தக் கரை கேட்' என்பார். அதைப் போட வேண்டுமானால் பாலத்தைக் கடந்து நாற்பது அடி நடந்து போய்க் கையால் கைப்பிடியைச் சுற்ற வேண்டும்.

அந்தக் கேட்டருகில் ஒரு பெண் நின்றிருந்தாள். மாய்கேயின் மகள் ரின்ஸ்கே. பள்ளிக்கூட டீச்சர், இருபத்திரண்டு வயது. ஆறு நாளாக வேலைக்குப் போகவில்லை, தினமும் இங்கே வந்து நிற்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"மாமா, நீங்க எழுதறதுதானே கடைசி?"

"நான் கேட்டைப் பத்தித்தாம்மா எழுதுவேன்."

"அதான் மாமா எனக்கு வேணும். கேட் போட்டிருந்துச்சா? எங்கம்மா குனிஞ்சு போனாங்களா?" அவள் குரல் உயரவே இல்லை. "எனக்கு ஊசி போட வந்தாக்கூட கதவைத் தட்டிட்டுத்தான் வருவாங்க. அடக்கம் பண்ணக் கையில ஒண்ணும் இல்ல. வெறும் கல்லுதான் நடப்போறோம். அதுக்கு மேல இந்தப் பேச்சும் வேணுமா?"

பார்த்துச் சொல்கிறேன் என்று அவளை வீட்டுக்கு அனுப்பினேன். பனி அவளை விழுங்கும் வரை நின்றுவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினேன். கேட் இறங்கியது. பாதியில் நின்றது.

இடுப்பு உயரத்தில்.

பல்சக்கரத்தைப் பார்த்தேன், சுத்தம். எடைக்கல் சரி. திரும்பச் சுற்றினேன். கைப்பிடி கனத்தது. இரும்பு சிக்கினால் கை உணரும் கனம் வேறு, இது வேறு. அந்தப் பக்கம் ஒருவர் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கனம் இது.

கைப்பிடியை விட்டேன். கேட் விழவில்லை.

போய்க் கட்டையின் அடிப்பக்கத்தைத் தடவினேன். வழவழவென்று ஒட்டியது. விலாங்கின் மேல் இருக்குமே, அந்தக் கோழை. நாலு விரல் அகலத்துக்கு, பக்கத்தில் இன்னொரு நாலு விரல். முகர்ந்து பார்த்தேன். சேற்று நாற்றம் வரும் என்று நினைத்தேன். வந்தது ஊசி போடுமுன் தேய்ப்பார்களே, அந்த ஸ்பிரிட் வாசனை.

கையைக் கால்சட்டையில் துடைத்தேன். துடைத்தும் போகவில்லை.

கைப்பிடியைத் திருப்பிச் சுற்றிக் கேட்டை மேலே ஏற்றிவிட்டு, பாலத்தைக் கடந்து காவல் அறைக்கு ஏறினேன். அந்தக் கரை கேட் இறங்காமல் பாலத்தைத் தூக்க முடியாதபடி அங்கே ஒரு பூட்டு உண்டு. கேட் முழுக்க இறங்கினால்தான் பாலத்துக்கடியில் போகிற கம்பி இழுபட்டுப் பூட்டு விலகும். மூடியைத் திறந்தேன். பூட்டு விலகியபடி நின்றது. நடுவில் ஒரு ஆப்பு. மரச்செருப்பின் நுனியை அறுத்துச் செதுக்கியது.

அதைப் பார்த்து நான் ஆச்சரியப்படவில்லை. அதைத்தான் நான் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் மாதமே அதைப் பார்த்தேன். "என்ன அண்ணே இது, எடுத்துடுங்க" என்றேன். "முழங்கால் வலி தம்பி. தடவைக்குத் தடவை அந்தக் கரைக்கு நடக்க முடியல. எடுத்துடறேன், நீ எழுதிக்கோ" என்றார். புத்தகத்தில் 'எல்லாம் சரி' என்று எழுதினேன். காகிதத்தில் சுற்றிய ஆறு விலாங்கோடு வீட்டுக்குப் போனேன்.

வீபே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"படகு ஊதிட்டே இருந்துச்சு," என்றார் மெதுவாக. "பனியில யாரு வரப்போறான்னு நினைச்சேன். அந்தக் கரை கேட் போடல. பாலத்தைத் தூக்கிட்டேன். அப்புறம் சைக்கிள் மணி கேட்டுச்சு."

"அவங்க விழுந்த பிறகு பாலத்தை இறக்கி, அந்தக் கரைக்குப் போய்க் கேட்டைப் போட்டீங்க."

"போட்டேன்."

"குனிஞ்சு போனாங்கன்னு ஊரெல்லாம் பேசறப்ப வாயை மூடிட்டு இருந்தீங்க. அடியில பொறியையும் எடுக்கல."

அவர் முகத்தில் வெட்கமே இல்லை. "மீனுக்கு என்ன தெரியும் தம்பி? இது வீடு. வேலை போனா வீடும் போயிடும். நீ எழுதறதா இருந்தா எழுது. ஏப்ரல்ல நீ என்ன எழுதினேன்னும் சேர்த்து எழுது. நீயும் தின்னவன்தானே."

அந்த ஆளைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அதைவிட அருவருப்பு, என் கை தானாகப் பேனாவைத் தேடியது. புத்தகத்தைப் பிரித்து எழுதினேன்: 'கேட் சரி. சம்பவ நேரத்தில் இறங்கியிருந்தது.' கையெழுத்துப் போட்டேன். ஆப்பை என் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். வண்டிக்குப் போக வேண்டும். நாற்பது அடிதான்.

பாலத்தின் நடுவில் இருக்கும்போது முன்னால் சங்கிலி ஓடும் சத்தம் கேட்டது. அந்தக் கரை கேட் இறங்கிக்கொண்டிருந்தது. கைப்பிடி அருகில் யாரும் இல்லை.

இடுப்பு உயரத்தில் நின்றது.

பின்னால், பாலத்தின் மேலே, சைக்கிள் மணி.

நான் திரும்பவில்லை.

காலடியில் பலகை நடுங்கியது. பாலம் எழும்பத் தொடங்கியது. கத்தினேன். "அண்ணே, நிறுத்துங்க, நான் மேல நிக்கறேன்." பனிக்குள்ளிருந்து வீபேயின் குரல் நடுங்கி வந்தது. "நான் தொடலப்பா. நான் எதையும் தொடல."

ஓடினேன். பாலத்தின் விளிம்பு அதற்குள் முழங்கால் உயரம் எழும்பிவிட்டது. தாவிக் கரையில் விழுந்து எழுந்தேன். எதிரே கேட். குதிகாலுக்குப் பின்னால் கால்வாய். போக ஒரே வழிதான் இருந்தது. குனிந்தேன்.

நான் குனிந்ததும் கட்டை என் முதுகில் இறங்கியது.

அடிக்கவில்லை. மெதுவாக அழுத்தியது. முகம் சாலையில் பதிந்தது. சட்டைக்குள் குளிர்ந்த கோழை வழிந்து, கழுத்தைச் சுற்றி, வாயோரம் வந்தது. காலையில் தின்ற அதே ருசி. விலா எலும்பு முறிந்த சத்தத்தை நானே கேட்டேன்.

காதுக்கருகில் ஸ்பிரிட் வாசனை.

"கொஞ்சம்தான் வலிக்கும்."

"எழுதிடறேன்," என்றேன். "அவங்க குனியலன்னு எழுதிடறேன்."

கட்டை மேலே போனது. தின்றதெல்லாம் அங்கேயே வாந்தியாக வந்தது.

எழுதினேன். பழைய பக்கத்தைக் கிழித்தேன். கேட் போடவில்லை, பூட்டில் ஆப்பு இருந்தது, மாய்கே திறந்த சாலையில்தான் வந்தார் என்று எழுதி ஆப்பையும் சேர்த்துக் கொடுத்தேன். வீபேக்கு வேலையும் வீடும் போயின. விசாரணையில் என்னைக் காட்டி, ஏப்ரலிலேயே இவனுக்குத் தெரியும் என்றார். என்னைக் கேட்டார்கள். இல்லை என்றேன். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவரை யார் நம்புவார்கள்? எல்லோரும் என்னை நம்பினார்கள்.

கல் நட்ட அன்று பாதிரியார் ஊர் முன்னால் மன்னிப்புக் கேட்டார். ரின்ஸ்கே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு அக்டோபரிலும், அம்மா போன நாளன்று, ரின்ஸ்கே என் வீட்டுக்கு வருகிறாள். கையில் ஒரு பொட்டலம். புகை போட்ட விலாங்கு. நன்றிக்கு எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய மரியாதை இல்லை. பொறியைப் பற்றியும் அவளிடம் நான் சொல்லவில்லையே, அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் எதிரிலேயே உட்கார்ந்து தின்பேன். நல்லா இருக்கு என்பேன்.

முடி நிற்கவில்லை. விலாங்கில் என்று இல்லை. ரொட்டியில், பட்டாணி சூப்பில், சில காலை எழுந்ததும் வெறும் வாயில். வாரத்துக்கு ஒன்றாவது வரும். குமட்டிக்கொண்டு உருவி எடுப்பேன், இடுக்கியால் பிடித்து அடுப்பில் போடுவேன். கருகும் நாற்றம் ஜன்னல் திரையில் ஏறி நிற்கும். பத்து வருஷம் ஆகிறது. அந்தக் கரையில் புதுக் கேட் வைத்து மோட்டாரும் போட்டுவிட்டார்கள். அதுவும் இடுப்பு உயரத்தில் நிற்கிறதாம். காரணம் தெரியவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

நேற்று இதுவரைக்கும் எழுதினேன். ஏப்ரல், ஆறு விலாங்கு, பொறி, முடி, எதையும் விடவில்லை. இன்று பத்து மணிக்கு ரின்ஸ்கே வந்ததும் தாள்களை அவள் கையில் கொடுத்தேன். அதற்குப் பிறகு நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

நின்றுகொண்டே படித்தாள். நடுவில் ஒருமுறை வாயைப் பொத்திக்கொண்டாள். முடித்ததும் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்து, தான் கொண்டு வந்த பொட்டலத்தைப் பிரித்தாள்.

"சாப்பிடுங்க."

"ரின்ஸ்கே."

"பத்து வருஷம் என் கண் முன்னாடி தின்னீங்கள்ல? இப்பவும் தின்னுங்க."

ஒரு துண்டை வாயில் வைத்தேன். இரண்டாவது மெல்லலில் சிக்கியது. அவள் பார்த்துக்கொண்டிருக்க உருவி எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். எண்ணெய் சொட்டியது. அவள் முகம் சுளிக்கவில்லை. விரலால் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அம்மாவோடதுதான்."

கைக்குட்டையில் துடைத்து, சுருட்டி, மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். கல்லறையில் வெறும் கல்லுக்கு அடியில் வைக்க அவளுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

"வாரத்துக்கு ஒண்ணு வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க," என்றாள். "மீதியெல்லாம் எங்க மாமா?"

நான் அடுப்பைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். எழுந்து போய், மண்டியிட்டு, சாம்பல் தட்டை வெளியே இழுத்தாள். ஸ்பிரிட் வாசனை அறையை நிறைத்தது.

அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. சாம்பல் கால்வாய்ச் சேறு மாதிரி ஈரமாக இருந்தது.