மூடி திறந்த ஏரிச் சேறு

"அய்யோ, என்ன காரியம் பண்ணிட்டீங்க!"

ஆராய்ச்சி மாணவி அவள் போட்ட சத்தத்தில் ஆய்வுக்கூடமே திரும்பிப் பார்த்தது. வாசலில் புதுப் படகுக்காரன்... மழையில் நனைந்து, ஏரியடிச் சேறு நிரம்பிய கண்ணாடிக் குழாயை மார்போடு அணைத்தபடி நின்றான். ரப்பர் மூடி அவன் கையில் இருந்தது. கரேலென்று இருக்க வேண்டிய சேறு மேலே பழுப்பாகிவிட்டது.

"காத்து படக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! இனி கிருமி பெருகி, சேத்துல மக்கிக் கிடக்கிற நைட்ரஜனைத் தின்னுடும். என் ஒரு வருஷ வேலைங்க!"

"சும்மா... பாக்கணும்னு தோணுச்சு."

"சும்மாவா? இது என்ன பொருட்காட்சியா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அம்மாடி... என்ன கண்கள்! அவளுக்கு அடுத்த வசவு மறந்தே போனது. குழாயை மேசையில் வைத்துவிட்டு அவன் மழையில் இறங்கிப் போனான்.

பேராசிரியர்தான் மெல்லச் சொன்னார். "அவன் தம்பி அந்த ஏரியிலதாம்மா மூழ்கிப்போனான். நீ சேறு எடுத்த அதே இடம். உடம்பு கிடைக்கவே இல்ல."

அவள் அந்த ரப்பர் மூடியை எடுத்துக் குழாயில் மெல்லப் பொருத்தினாள். ஆனாலும் வீம்பு விடவில்லை. கெடுத்தது அவன், மன்னிப்புக் கேட்பது நானா? அந்த வாரம் முழுக்க வேறொருவன் படகோட்டினான். அவள் கண்கள் மட்டும் அந்தக் கண்களையே தேடின... கடைசியில் கொட்டும் மழையில் அவளே படகுத் துறைக்குப் போனாள்.

அவன் படகிலிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான்.

"கோவமா?"

"உங்க மேலயா? சேச்சே..." இறைத்த குவளையைக் கீழே வைத்தான். "ஒண்ணு கேக்கட்டுமா? அந்தச் சேத்துல அவன் ஏதாவது மிஞ்சியிருப்பானா? அம்மா இன்னிக்கும் இந்தத் தண்ணிய வாயில வைக்கிறதில்லைங்க."

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு வரவில்லை.

"முகம், கை, கால்... எதுவும் இருக்காதுங்க. முக்காவாசியைக் கிருமி தின்னுடும். ஆனா உடம்புல இருந்த நைட்ரஜன்ல கொஞ்சூண்டு களிமண் இடுக்குல போய் ஒட்டிக்கும். காத்து போகாத ஆழத்துல ஆயிரம் வருஷம் ஆனாலும் அப்படியே கிடக்கும்."

"அது அவன்தான்னு தெரியுமா?"

"தெரியாது. மீனு, இலை, உங்க தம்பி... எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கும்."

அவன் படகின் குறுக்குப் பலகையில் உட்கார்ந்தான். தோள்கள் குலுங்கின.

"இத்தனை நாள் அழுததே இல்லைங்க. அழுதா அவன் முழுசாப் போயிடுவானோன்னு... மனசை இறுக்கி மூடியே வச்சிருந்தேன்."

"மூடியைத் திறக்காதீங்கன்னு அன்னிக்குக் கத்தினேன் இல்ல?" அவள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அது சேத்துக்குத்தான்... என்கிட்ட நீங்க திறக்கலாம். எப்பவும். உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு."

"மறுபடி கத்துவீங்களா?"

"கத்துவேன்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு பலகையில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டான்.